சொந்த ஊர் விலாசம்

அத்தியாயம் 17

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ரோஸ்லினின் கையில் இரண்டே பெயர்கள் இருந்தன. தேவைப்பட்டது இருபத்தைந்து.

இரண்டில் ஒன்று அவளுடையது. இன்னொன்று பக்கத்து வீட்டு மணியம்மாள். அவளும் "பாக்கலாம்டி, வேலை முடிஞ்சா வரேன்" என்றுதான் சொல்லியிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை நாணல்மேட்டுத் துணை சுகாதார நிலையத்தில் நடந்ததை ரோஸ்லின் இந்த ஏழு நாளில் எழுபது தடவையாவது நினைத்துப் பார்த்திருப்பாள். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி கலைவேந்தன் பேரேட்டைப் புரட்டிவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"ரெண்டு வருஷத்துல இந்த ஊர் விலாசத்துல ரெண்டு பேருதான் பதிவு. இந்த ஊருக்கு செவ்வாய்க்கிழமை ஊசி நாள் தேவையில்லன்னு எழுதிடறேன்."

ஊசி நாள் என்றால் ஊசி மட்டுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி, மாத்திரை, காப்பர் டி பற்றிய ஆலோசனை, கர்ப்பப்பைக் கோளாறுக்குப் பரிசோதனை எல்லாமே அந்த ஒரு நாளில்தான், காசில்லாமல். அது போய்விட்டால் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திருபுவனையில் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒரு நாள் ஷிப்ட் போய்விடும்.

ரோஸ்லின் அன்று தன் அடுத்த ஊசிக்கு நாள் கேட்டுப்போக வந்திருந்தாள். வாழ்க்கையில் ஒரு அதிகாரியை எதிர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"தேவை இல்லாம இல்ல சார். வெக்கம் இருக்குது."

பிறகு விளக்கினாள். நாணல்மேட்டுப் பெண்கள் ஊசி போட இலுப்பஞ்சேரிக்குப் போகிறார்கள். இலுப்பஞ்சேரிப் பெண்கள் நாணல்மேட்டுக்கு வருகிறார்கள். இந்த ஊர் நிலையத்துக்கு நேர் எதிரில் செல்லப்பன் டீக்கடை. அந்த ஊர் நிலையத்துக்கு நேர் எதிரில் பால் சொசைட்டி. சொந்த ஊர் ஆண்கள் முன்னால் படியேற யாருக்கும் துணிச்சல் இல்லை. நடுவழியில் இரண்டு ஊர் ஷேர் ஆட்டோக்களும் எதிரெதிரே போகும். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு வண்டிப் பெண்களும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வேற்றூர் விலாசம் கணக்கில் சேராது. ஆகவே இரண்டு ஊர்ப் பேரேடுகளும் காலி.

கலைவேந்தன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"சரிம்மா. அடுத்த செவ்வாய் நானே வந்து உக்காரறேன். மூணு மணிக்குள்ள இருபத்தஞ்சு பேரு, இந்த ஊர் விலாசத்தோட, இதே பேரேட்டுல கையெழுத்து போடட்டும். நிறுத்த வேணாம்னு என் கையால எழுதறேன்."

அந்த அடுத்த செவ்வாய் இன்றுதான்.

*

அடுப்படியில் மாமியார் பவுனம்மாள் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள். மருமகளின் ஊசி அட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அவள் கையில் சிக்கியது மூன்று வாரத்துக்கு முன்பு. அன்றிலிருந்தே இந்தச் சத்தம்.

"ஊசி போடறவ கமுக்கமா போட்டுக்கினு வரணும். இவ ஊரையே கூட்டறா. தெருவுல தண்டோரா ஒன்னுதான் பாக்கி."

"அத்தே, எனக்கு ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் போனப்போ ஆம்புலன்ஸ்ல என் காலப் புடிச்சிக்கினு வந்தது நீங்கதான?"

நாலு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகு டாக்டரம்மா சொன்னதைப் பவுனம்மாளும் கேட்டிருந்தாள். இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது. கருத்தடை ஆபரேஷன் செய்வதற்கும் உடம்பில் ரத்தம் ஊற வேண்டும். அதுவரை ஊசிதான்.

"நான் ஊசிய வேணாம்னு சொன்னனா? டீக்கடைக்கு எதிர்ல நின்னு சொல்லாதன்னு சொல்றேன்."

வாசற்படியருகே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஜோஸ்பின் தலை நிமிரவில்லை. அவள் பவுனம்மாளின் மகள். கல்யாணமாகித் தவளக்குப்பம் போய் மூன்று வருடம். இன்னும் வயிற்றில் எதுவும் இல்லை. வில்லியனூர் மாதா கோயிலில் மகளுக்காக ஒன்பது சனிக்கிழமை முழங்காலில் நிற்பதாக நேர்ந்துகொண்ட பவுனம்மாள், எட்டை முடித்திருந்தாள். நேற்று சாயங்காலம் ஜோஸ்பின் ஒரு பையோடு வந்து, "உடம்பு ஒரு மாதிரி இருக்குதும்மா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றதிலிருந்து தாயின் கண் மகளின் முகத்தைவிட்டு நகரவில்லை.

"நாள் தள்ளிப் போயிருக்குதாடி?"

"சும்மா இரும்மா."

"சொன்னா இன்னா? எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

ஜோஸ்பின் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். அவளுடைய சிறிய கைப்பை மடியிலேயே இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஏன் அதைச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்று ரோஸ்லினுக்குத் தோன்றியது. கேட்க நேரமில்லை.

விடியுமுன் முதல் ஷிப்ட் பெண்களைத் திருபுவனையில் இறக்கிவிட்டு வந்த ஆண்டனி, வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு மனைவியிடம் வந்தான்.

"ரோசு, நான் இன்னா செய்யட்டும்? சொல்லு."

"நீ வண்டிய ஓட்டு. வாயத் தொறக்காத. நீ பேசினா எல்லாரும் சிரிப்பாங்க."

"போன ஞாயித்துக்கிழமை உனக்காக ரெண்டு ஆம்பளைங்க கிட்ட பேசினேனே."

"அதுல ஒருத்தன் பொண்டாட்டிய இனிமே ஷேர் ஆட்டோவுல கூட ஏத்தமாட்டேன்னு சொல்லிட்டானாம்."

ஆண்டனி தலையைச் சொறிந்துகொண்டு நழுவினான்.

*

நர்ஸ் மஞ்சுளா மருந்துப் பெட்டியோடு ஒன்பதரைக்கு வந்துவிட்டாள். கலைவேந்தன் பத்துக்கு வந்தார். ஜன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தார் ரோடு. ரோட்டைத் தாண்டினால் டீக்கடையும் அதன் இரண்டு பெஞ்சுகளும். பெஞ்சுகளில் ஏழு ஆண்கள்.

முந்தின நாளே ரோஸ்லின் செல்லப்பனிடம் கேட்டுப் பார்த்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கடையை மூடக் கூடாதா என்று.

"நல்லா இருக்குதே கதை. பொம்பளைங்க ஊசி போட வந்தா என் கடைய ஏன் மூடணும்? நான் இன்னா கையப் புடிச்சி இழுக்கறேனா?"

"நீ இழுக்க மாட்டண்ணா. உன் பெஞ்சு பாக்குது."

"பெஞ்சுக்குக் கண்ணு இருக்குதா, போம்மா."

ரோஸ்லின்தான் முதல் கையெழுத்து. ஆதார் அட்டையைக் காட்டினாள். கையில் ஊசி இறங்கியது. வெளியே வந்து படியில் நின்றாள். பெஞ்சில் இருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் டீ கிளாசைப் பார்த்தார்கள்.

பதினோரு மணிக்குத் தெருக்கோடித் தையலம்மாளின் மருமகள் ஓடி வந்தாள். ஓட்டத்திலேயே கையெழுத்துப் போட்டாள், ஊசி போட்டாள், கைக்குழந்தை அழுகிறது என்று அதே வேகத்தில் ஓடினாள். இரண்டு.

மணியம்மாள் வந்தாள். குடத்தோடு வந்தாள். பெஞ்சைப் பார்த்தாள். நேராக நடந்து தெருக்குழாய்க்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அரைமணியில் மறுபடி வந்து மறுபடி தண்ணீர் பிடித்தாள். மூன்றாவது முறை அவள் குடத்தைத் தூக்கியபோது செல்லப்பனே கேட்டுவிட்டான்.

"இன்னா மணி, வூட்ல விசேஷமா?"

மணியம்மாள் குடம் தளும்பத் தளும்ப ஓடினாள்.

ஒரு மணிக்குப் பேரேட்டில் அதே இரண்டு பெயர்தான். மஞ்சுளா ரோஸ்லினை மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் இழுத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இலுப்பஞ்சேரிப் பேரேடு என் பையில இருக்குது. அந்த ஊரையும் நான்தான பாக்கறேன். வேற ஊர்னு ஒதுக்கின பக்கத்துல நம்ம ஊர்ப் பேரு மட்டும் முப்பத்தெட்டு. எடுத்துக் குடுத்துட்டா இந்தத் தொல்லையே இல்ல."

கலைவேந்தன் காதில் விழுந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா சிஸ்டர்? ஆனா நான் பாத்தா மட்டும் போதாது. அந்தப் பக்கத்தக் காப்பி எடுத்து ரிப்போர்ட்டோட சேக்கணும். கொம்யூன் பஞ்சாயத்துக் கூட்டத்துல வைப்பாங்க. இன்னிக்கு என் முன்னால போடற கையெழுத்துன்னா எண்ணிக்கை மட்டும் எழுதினா போதும், பேரு வெளிய போவாது."

கொம்யூன் கூட்டம். அங்கே யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று ரோஸ்லினுக்குத் தெரியும். டீக்கடைப் பெஞ்சைவிட நீளமான பெஞ்சு அது.

மஞ்சுளா பைக்குள் கையை விட்டிருந்தாள். ரோஸ்லின் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"வேணாம் சிஸ்டர்."

"பைத்தியமா உனக்கு? முப்பத்தெட்டு பேரு."

"முப்பத்தெட்டு பேரும் மறைச்சி வெச்சது. அதை நான் எடுத்துக் குடுக்க மாட்டேன். அவங்களா வந்து சொன்னா சொல்லட்டும்."

"வரலன்னா?"

"வரலன்னா நான் தோத்துட்டேன்."

கலைவேந்தன் தன் டிபன் டப்பாவைத் திறந்தார்.

ரோஸ்லின் வெளியே படியில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வெண்ணிலா நினைவு வந்தது. கம்பெனியில் அவளுக்குப் பக்கத்தில் நின்று பெட்டி ஒட்டுபவள். இரண்டு மாதத்துக்கு முன்பு ஷேர் ஆட்டோ தவறி, ஊசி தவறி, கரு தங்கி, பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் ஏதோ ஒரு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை விழுங்கி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்ததே பெரிது. அந்தப் பதினோரு நாளும் வெண்ணிலாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் ரோஸ்லினுக்கு இந்தக் கோபம் பிறந்தது. இதை எப்படி அந்தப் பெஞ்சுக்குப் புரிய வைப்பது?

*

மணி இரண்டு. ரோட்டில் வேன் சத்தம் கேட்டது.

முதல் ஷிப்ட் முடிந்தால் ஆண்டனி எப்போதும் பெண்களை மெயின் ரோட்டு நிறுத்தத்தில் இறக்கிவிடுவான். அங்கிருந்து ஆளுக்கொரு பக்கம் கலைந்து போவார்கள். இன்று வேன் மெயின் ரோட்டில் நிற்கவில்லை. நேராக ஊருக்குள் வந்தது. வந்து, சுகாதார நிலையத்துக்கும் டீக்கடைக்கும் நடுவில், ஒரு சுவர் மாதிரி நின்றது. கதவு நிலையத்தின் பக்கம். பெஞ்சுக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வேனின் முதுகுதான்.

ரோஸ்லின் படியிலிருந்து எழுந்தாள். காலையில் வாயைத் திறக்காதே என்றாளே, வாயைத் திறக்காமலே இதைச் செய்திருக்கிறான். ஓட்டுநர் இருக்கையில் ஆண்டனி முன்கண்ணாடியைப் பார்த்தபடி அப்பாவி போல உட்கார்ந்திருந்தான்.

கதவு திறந்தது. முதலில் இறங்கியவள் வெண்ணிலா.

இன்னும் முகத்தில் ரத்தமில்லை. கம்பெனியின் நீல மேல்கோட்டு தோளில் தொங்கியது. தலையில் வெள்ளைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. இறங்கியவள் வேனைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அது எப்படி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டுநர் ஜன்னலுக்குப் போனாள்.

"ஆண்டனிண்ணா, வண்டிய எடு."

"ஏம்மா, மறைப்பா இருக்கட்டும்னுதான்..."

"எதுக்கு மறைக்கணும்? நாங்க திருட வந்தமா? எடுண்ணா."

ஆண்டனி ரோஸ்லினைப் பார்த்தான். ரோஸ்லின் சரி என்று தலையசைத்தாள்.

வேன் நகர்ந்தது. திரை விலகியது போல ரோடு திறந்துகொண்டது. ரோட்டின் இந்தப் பக்கம் பதினாறு பெண்கள், நீல மேல்கோட்டில், ஒருவர் பின் ஒருவராக. அந்தப் பக்கம் ஏழு ஆண்கள், கையில் டீயோடு.

யாரும் தலையில் முந்தானை போடவில்லை.

ரோஸ்லின் இந்தப் பெண்களோடு ஏழு வருடம் ஒரே வேனில் போயிருக்கிறாள். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்குப் பல்வலி என்றெல்லாம் தெரியும். ஆனால் இப்போது படியில் நின்று பார்க்கும்போது, இவர்களை இதற்கு முன் தான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. பதினாறு முகங்களும் பயந்துதான் இருந்தன. பயந்துகொண்டே நின்றன.

எதிரில் ஒரு ஆள் பக்கத்தவனின் விலாவில் இடித்தான்.

"டேய், அது உன் வூட்டுக்காரி தானடா?"

"ஆமா. இப்ப அதுக்கு இன்னா? டீயக் குடி."

செல்லப்பன் பாய்லரை விட்டு வெளியே வந்தான். வரிசையைப் பார்த்தான். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். பிறகு பெஞ்சில் இருந்தவர்களிடம், "எந்திரிங்கப்பா" என்றான்.

"ஏன், கடை மூடறியா?"

"எந்திரிங்கன்றேன்."

ஏழு பேரும் எழுந்தார்கள். செல்லப்பன் இரண்டு பெஞ்சுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தான். வரிசைக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் போட்டான்.

"நிக்க முடியாதவங்க உக்காருங்க" என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

வெண்ணிலா உட்கார்ந்தாள்.

அதன் பிறகு ரோட்டின் இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஏரிக்கரை வேலை முடித்த ஐந்து பெண்கள் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு வரிசையில் சேர்ந்தார்கள். மணியம்மாள் நாலாவது முறையாகக் குடத்தோடு வந்தவள், குடத்தைக் குழாயடியிலேயே இறக்கிவைத்துவிட்டு, "தண்ணி அப்புறம் புடிச்சிக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்து நின்றாள்.

கடைசியில் ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே ஆதிலட்சுமி.

கரும்புத் தோட்டக்காரர் சாமிநாதனின் மனைவி. ரோஸ்லினின் தாய் அந்தத் தோட்டத்தில் இருபது வருடம் கரும்புச் சோகை உரித்தவள். அந்த வீட்டுப் பின்வாசலைத் தாண்டி ரோஸ்லின் உள்ளே போனதில்லை. ஆதிலட்சுமி குடையை மடக்கினாள். முன்னால் போகச் சொல்லி இரண்டு பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் போகவில்லை. வரிசையின் கடைசியில், மண்வெட்டிக்காரிகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அவள் முறை வந்தபோது கலைவேந்தன் தயங்கினார்.

"அம்மா, உங்களுக்கு..."

"நாப்பத்தாறு வயசு. ஊசி வேணாம். எட்டு மாசமா ரத்தம் நிக்கல. யாருகிட்டயும் சொல்லல. நீங்க குழந்தை வேணாம்னு வரவங்கள மட்டும்தான் எழுதுவீங்களா?"

மஞ்சுளா பேரேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். "அதுக்கும் இதுல இடம் இருக்குது சார்" என்று எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே ஆதிலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்தவள், நெடுநேரம் விடவில்லை. "நாளைக்கே டவுனுக்குப் போறோம். நானே கூட வரேன்" என்றாள்.

*

மணி இரண்டு ஐம்பது. கலைவேந்தன் விரல் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இருபத்தி நாலு."

வேனில் வந்த பதினாறு பேரில் ஒருத்தி புதுப் பெண். அவள் ஆதாரில் இன்னும் தாய்வீட்டு விலாசம்தான் இருந்தது. அவளுக்கு ஊசி போட்டாயிற்று. கணக்கில் சேரவில்லை.

"ஒரு ஆளுதான சார்" என்றாள் வெண்ணிலா.

"எனக்கு மட்டும் மனசு இல்லையாம்மா? இருபத்தஞ்சுன்னு மேல சொல்லிட்டு வந்திருக்கேன். இருபத்தி நாலுன்னு போனா, வந்த இருபத்தி நாலு பேரை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. வராத ஒருத்தரைத்தான் பாப்பாங்க."

ரோஸ்லின் ரோட்டைப் பார்த்தாள். வெயிலில் ரோடு வெறுமையாகக் கிடந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு பேர். பவுனம்மாளும் ஜோஸ்பினும். மருமகள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று கஞ்சித் தூக்கோடு வந்த மாமியார் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. வரிசை முழுவதையும் பார்த்திருக்க வேண்டும். தூக்கு கையில் சாய்ந்து கஞ்சி ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

பவுனம்மாள் உள்ளே வந்தாள். மேசைக்கு முன்னால் நின்றாள்.

"ஒரு ஆளு கொறையுதாமே. என் பேர எழுதினா ஆவாதா?"

"அத்தே..."

"நீ சும்மா இருடி. நான் பெத்தது அஞ்சு. நின்னது ரெண்டு. அஞ்சாவதுல நான் செத்துப் பொழைச்சேன். அப்ப இந்த மாதிரி ஒரு ஊசி இருக்குதுன்னு எவளும் எங்கிட்ட சொல்லல. எழுதுங்க சார். பவுனம்மாள்."

ரோஸ்லின் தன் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகப் பாத்திரத்தை மோதிய அந்தக் கைகள் இப்போது மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

கலைவேந்தன் பேனாவை எடுத்தார். வைத்துவிட்டார்.

"பெரியம்மா, உங்க வயசுக்கு இந்தப் பேரேட்டுல இடம் இல்ல. இருந்திருந்தா மொதல்ல உங்களத்தான் எழுதியிருப்பேன்."

பவுனம்மாள் மெல்லத் தலையாட்டினாள். அவள் திரும்பியபோது மகள் எதிரில் நின்றாள்.

ஜோஸ்பின் கைப்பையைத் திறந்திருந்தாள். ஆதார் அட்டையை மேசையில் வைத்தாள்.

"விலாசம் இன்னும் மாத்தல சார். நாணல்மேடுதான் இருக்குது."

கலைவேந்தன் அட்டையை வாங்கிப் பார்த்தார். மஞ்சுளா ஊசி அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள்.

"புதுசா போட ஆரம்பிக்கிறியாம்மா? மொதல்ல ரெண்டு மூணு கேள்வி கேக்கணும்."

"புதுசு இல்ல சிஸ்டர்." ஜோஸ்பின் பையிலிருந்து மடித்து மடித்து ஓரம் நைந்துபோன ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். "இது ஆறாவது ஊசி. இன்னிக்கு நாள்."

ஆறு ஊசி. ஒன்றேகால் வருடம். ரோஸ்லின் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். இவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. தெரிந்தவர்கள் யாருமில்லாத எந்த ஊரிலோ இந்த ஊசியையும் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். தாய் பக்கத்தில் நிற்கும்போது, ஊர் பார்க்கும்போது, அந்த அட்டையை எடுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்? ரோஸ்லினுக்குத் தன் துணிச்சல் அதற்கு முன்னால் சின்னதாகத் தெரிந்தது.

ஜோஸ்பின் கையெழுத்துப் போட்டாள். கலைவேந்தன் கடிகாரத்தைப் பார்த்தார். பேரேட்டின் கீழே ஒரு கோடு போட்டார். "இருபத்தஞ்சு" என்றார். எழுதி, முத்திரை குத்தினார்.

வெளியே வெண்ணிலா கை தட்டினாள். யாரோ சிரித்தார்கள். நீல மேல்கோட்டுகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. மணியம்மாள் குடத்தைத் தேடி ஓடினாள். ஆண்டனி விவரம் புரியாமல் ஹாரன் அடித்தான். செவ்வாய்க்கிழமை இனி நாணல்மேட்டை விட்டுப் போகாது.

உள்ளே ஒரே வீட்டு மூன்று பெண்கள் மட்டும் அசையாமல் நின்றார்கள்.

"எட்டு சனிக்கிழமைடி" என்றாள் பவுனம்மாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "எட்டு சனிக்கிழமை முட்டி போட்டேன். நீயும் பக்கத்துல வந்து நின்னியே."

"நின்னேன்மா."

"இன்னா வேண்டிக்கினு நின்ன?"

ஜோஸ்பின் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருதாம்மா என்னை ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கினு போவாரு. இன்னிக்கும் வந்திருக்காரு. வெளிய நிக்கறாரு."

மூவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். வேப்பமரத்துக்கு அப்பால் ஒரு பைக். பக்கத்தில் ஜோஸ்பினின் கணவன் பிரிட்டோ. ஆரவாரத்துக்கு நடுவே அவன் ஒருவன் மட்டும் தலை குனிந்து நின்றான். அவன் கையில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் தருகிற மாதிரி ஒரு பெரிய வெள்ளைக் கவர் இருந்தது. மனைவி தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் நிலையத்தை நோக்கி வந்தான். படியேறி வந்து வாசலிலேயே நின்றான்.

"அத்தே, இதை நாங்க மொதல்லயே வந்து சொல்லியிருக்கணும்."

பவுனம்மாள் கவரைப் பார்த்தாள். கை நீட்டவில்லை. பிரிட்டோ அதை ரோஸ்லினிடம் கொடுத்தான். அதன் மேல் ஜோஸ்பின் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் முத்திரை. ரோஸ்லின் கவரைப் பிரிக்கப் போனாள்.

ஜோஸ்பின் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மொதல்ல அம்மாவ உக்கார வைங்க அண்ணி."